நிழற்குடை நின்ற இடம்

பஸ் டிப்போவின் பின்பக்கம், டீசல் பம்பைத் தாண்டிப் போனால், தொலைந்த பொருள் அறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவளைக் கண்டக்டர்கள் ‘காணோம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையோடுதானே வருகிறார்கள். குடையைக் காணோம், கண்ணாடியைக் காணோம். ஒரு தடவை ஒரு பெரியவர் பல் செட்டைக் காணோம் என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அது இருந்தது. கழுவிக்கூட வைத்திருந்தாள். வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, “ரொம்ப நன்றிம்மா” என்று அட்சர சுத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பையோ பர்ஸோ புத்தகமோ, பஸ்ஸில் கிடந்தது எதுவானாலும், உடையவர் பெயர் உள்ளே எங்காவது இருக்கிறதா என்று முழுக்கத் தேடிய பிறகுதான் அலமாரியில் ஏற்ற வேண்டும். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுவார். சீட்டு ஏதாவது விழுந்தால் சரி, இல்லாவிட்டால் அலமாரி. இவள் அப்படி இல்லை. பெயரை எந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்களோ, யார் கண்டது? முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் தேடுவாள். இப்படித் தேடித் தேடியே தேனீ வளர்ப்பு, நிலநடுக்கம், ஒரு ராணியின் கல்யாணச் சிக்கல்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, “பேர் கிடைச்சுதா?” என்பார். “பாதிதான் சார் ஆயிருக்கு” என்பாள். அவரும் பாவம், எத்தனை பேரைத்தான் மேய்ப்பார். போய்விடுவார்.

மதிய வேளைகளில் அந்த அறைக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். உயரத்தில் இருக்கும் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். கம்பியில் வரிசையாகத் தொங்கும் குடைகள் காற்றுக்கு லேசாக அசையும். வெளியே பஸ்கள் திரும்பும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். அந்த நேரத்தில் அவள் படிக்கிறாளா, கனவு காண்கிறாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டை இல்லை. முன்னால் சில பக்கங்களும் போயிருந்தன. புரட்டிப் பார்த்தாள். கால்பந்து. முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி வைத்துவிட்டாள்.

கால்பந்தோடு அவளுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. அவள் கணவர் அதே டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்ப்பவர். டிப்போ அணியில் வருஷக்கணக்காக ஆடுகிறவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். புதுப் புடவை கட்டிக்கொண்டு, பெருமை பொங்க உட்கார்ந்து பார்த்தாள். பந்து போன பக்கமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் அக்கறையாகக் கேட்டாள்: “ஏங்க, உங்களை ஏன் இன்னிக்கு இறக்கவே இல்ல?”

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு, “கால் கொஞ்சம் வலிச்சுது, அதான்” என்றார்.

மறுநாள், ஆட்டம் பார்க்கக் கூட வந்திருந்த நாத்தனார் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. “என்ன அண்ணி அப்படிக் கேட்டுட்டீங்க, அண்ணன் ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் ஆடினாரே.” அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கட்டின புருஷன் கண்ணெதிரே ஆடுகிறான், பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, அவளுக்கு அவமானமாகிவிடக் கூடாதென்று அவர் கால் வலியென்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவும் இல்லை, அவள் போகவும் இல்லை.

அவளை மட்டும் சொல்லி என்ன பண்ணுவது? அணியில் இருந்தவர்களே அவரை ‘நிழற்குடை’ என்றுதான் அழைத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை எப்படி ஒரே இடத்தில் நிற்கிறதோ, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைக் கடந்து போகிறார்களோ, அப்படி மைதானத்தின் நடுவே நிற்கிறாராம். கோல் போட்டதில்லை. கோலைத் தடுத்துக் கீழே விழுந்து புரண்டதும் இல்லை. அப்படிக் கூப்பிட்டால் அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பை நம்பியவர்கள்தான் முட்டாள்கள்.

புத்தகம் வந்த வாரத்திலேயே அவர் வீட்டில் ஒரு செய்தி சொன்னார். அணிக்குக் கோச் யார் என்றால், டிப்போவின் டைம் கீப்பர். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆள். அவருக்கு ஓடுகிறவன்தான் ஆட்டக்காரன். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் ஒருவன் மின்னலாக ஓடுகிறானாம், தபால் ஆபீஸ் அணியோடு நடக்கப்போகும் ஆட்டத்தில் அவனை இறக்கப்போகிறாராம். நிழற்குடைக்கு பெஞ்சு.

“நல்லதாப் போச்சு,” என்று சாதத்தைப் பிசைந்தபடி சொன்னார். “இந்த மேட்சோட ஜெர்ஸியைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன். நான் இல்லைன்னா யாருக்குத் தெரியப்போகுது?”

நாத்தனார் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவிதான் அவர் தட்டைப் பார்த்தாள். பிசைந்த சாதம் பிசைந்தபடியே இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தட்டில் மிச்சம் வைத்து எழுந்து அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம், தள்ளி வைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரைத் தேட வேண்டாமா?

முதலில் ஒன்றும் புரியவில்லை. கோல்கீப்பர் தெரியும். அவருக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களும், அந்தக் கடைசியில் நின்று கோல் போட்டுவிட்டு இரு கையையும் விரித்துக்கொண்டு ஓடுகிற மகராசன்களும்கூடத் தெரியும். புத்தகம் எழுதியவரோ இவர்களையெல்லாம் சீக்கிரமே அனுப்பிவிட்டு, தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் தனியாக நிற்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவே இல்லை. பக்கம் பக்கமாக அவரைப் பற்றியே எழுதிக்கொண்டு போனார்.

அந்த இடத்தில் நிற்பவர் ஓடிப் பந்தைப் பிடுங்க வேண்டியதே இல்லையாம். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அதற்கு முன்பே போய் நின்றுவிடுவாராம். எதிரணிக்காரன் தலையைத் தூக்கிப் பார்ப்பான், வழியில் இவர் நிற்பார், சரி வேறு பக்கம் போவோம் என்று பந்தைத் திருப்பிவிடுவான். பார்க்கிறவர்களுக்கு ஏதும் நடந்ததாகவே தெரியாது. நல்ல ஒரு தாக்குதல் பிறக்காமலே போயிருக்கும். இவருடைய ஆட்டத்தை அளக்க வேண்டுமானால் நடக்காமல் போனவற்றைத்தான் எண்ண வேண்டும், அதை எண்ண யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று எழுதியவர் அலுத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் பந்தை மறந்துவிடுங்கள், இவரை மட்டும் பாருங்கள் என்றும் கெஞ்சியிருந்தார்.

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். மனசு எங்கெங்கோ போயிற்று.

வீட்டில் ஒரே குழாய். காலையில் அவளும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் குடத்தோடு போய் நிற்பார்கள். இருவருக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், ஒளிப்பானேன். ஆனால் இதுவரை அங்கே ஒரு சண்டை வந்ததில்லை. ஏன் வந்ததில்லை? யோசிக்க யோசிக்க அவளுக்குக் காட்சி தெளிந்தது. இருவரில் ஒருத்தி வாயைத் திறக்கப்போகும் நேரத்தில், பல் தேய்த்துக்கொண்டே அவர் நடுவில் வந்து நிற்பார். என் சட்டையைப் பார்த்தீங்களா என்பார். சட்டை கொடியிலேயே இருக்கும். அதைத் தேடிக்கொடுப்பதற்குள் சண்டையின் நேரம் போய்விடும். வராத சண்டைக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? சட்டையைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாத மனுஷன் என்று இவர்கள் இருவரும் சேர்ந்து அவரைத் திட்டியதுதான் மிச்சம்.

இவ்வளவு நாளும் ஒரு ஆளை அருகிலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையைக் காலி செய்தாள். நாலு கண்ணாடிக் கூடுகளைத் தடுப்பாட்டக்காரர்களாக வைத்தாள். ஒற்றைக் கையுறைகள் நடுக்களத்துக்குப் போயின. எதிரணிக்கு சீப்புகள். கண்ணாடிக் கூடுகளுக்கு முன்னால் ஒரு பழைய சாவிக்கொத்தை நிறுத்தினாள். சட்டைப் பொத்தான் ஒன்றை உருட்டி உருட்டி, சீப்புகள் எந்த வழியாக வரும், சாவிக்கொத்து எங்கே நகர வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஆடினாள். வெயில் மேஜையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனதுகூடத் தெரியவில்லை. நிமிர்ந்தால் மேனேஜர் நிற்கிறார்.

“என்னம்மா இது?”

“சாவிக்கொத்தை எடுத்தா என்ன ஆகும்னு பாக்கறேன் சார்.”

அவர் மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மதிய வெயில் ஆளை என்னவெல்லாம் பண்ணுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். “தண்ணி நிறையக் குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கிடையாது. அதனால் என்ன, வாய் இருக்கிறதே. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் படித்ததையெல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நகத்திடுக்கில் இருந்த டயர் கறுப்பைத் தேய்த்தபடி கேட்டார். முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள், “எழுதறவனுக்கு என்ன, உக்காந்த இடத்துல எழுதிட்டுப் போவான்” என்றார்.

“காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் டிப்போல படிக்கறது போதாதுன்னு வீட்டுலயும் அண்ணனுக்குப் பாடம் நடத்தறீங்களா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“நீ கேளேன். உங்க அண்ணன் நிக்கற இடத்தைப் பத்தி ஒரு புத்தகமே இருக்கு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

“அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு எழுதினது. நான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கல. மத்தவங்க யாரும் அங்க நிக்க மாட்டேன்னாங்க. நான் சரின்னேன். அவ்வளவுதான் கதை. இத்தனை வருஷமா ஒரு காலி இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னேன். இப்ப அதுக்கும் வேற ஆள் வந்தாச்சு. விடு.”

அவள் விடவில்லை. வாய் வார்த்தையால் முடியாது என்று மட்டும் புரிந்தது. இந்த மனிதர் தன்னை ஒரு வெற்றிடம் என்று நம்பிக்கொண்டே ஜெர்ஸியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த நம்பிக்கை மிச்ச வாழ்நாள் முழுக்க அவரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

ஆட்டத்தன்று காலையில், “நானும் வரேன்” என்றாள்.

அவர் ஷூவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். “நான் ஆடப்போறதில்லையே,” என்றார்.

“தெரியும். சும்மா வரேன்.”

மைதானத்தில் தனியாக பெஞ்சு எதுவும் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் பார்வையாளர் படிக்கட்டின் முதல் வரிசையில்தான் உட்காருவார்கள். அவள் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். லேசாக மழை தூறி நின்றிருந்தது. புல்லிலிருந்து வெள்ளையாக ஒரு மூட்டம் எழும்பி, தூரத்து கோல் கம்பம் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் தெரிந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. புதுக் கண்டக்டர் நிஜமாகவே மின்னல்தான். பந்து இருக்கும் இடத்திலெல்லாம் அவன் இருந்தான். டைம் கீப்பர் கோட்டோரமாக நின்று, “ஓடு, ஓடு” என்று கத்திக்கொண்டே இருந்தார். அவன் ஓடினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினான்.

அவள் பந்தைப் பார்க்கவில்லை. மனசைக் கட்டிப்போட்டு, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் இருந்த புல்வெளியை மட்டும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தபால் ஆபீஸ்காரன் ஒருவன் அந்த வழியாகப் பந்தோடு நடந்தே வந்தான். அப்படி இரண்டு தடவை வந்தான். மூன்றாம் தடவை கோல்.

அவள் முன்னால் குனிந்து அவர் தோளைத் தொட்டாள். “ஏங்க, பந்தை விட்டுடுங்க. அந்த இடத்தைப் பாருங்க.”

“எந்த இடம்?”

“நீங்க நிக்கற இடம்.”

அவர் பார்த்தார். அவர் எப்படி அதை முன்னால் பார்த்திருக்க முடியும்? இத்தனை வருஷமும் அவர் அதற்குள் அல்லவா இருந்தார். திறந்த வாசல் மாதிரி அந்தப் புல்வெளி கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கோல்கீப்பர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.

“இது முன்னாடி எப்பவும் இப்படி இருந்ததில்லையே,” என்றார் அவர் மெதுவாக.

“நீங்க இருந்தீங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கழுத்து சிவந்து போனதை அவள் பார்த்தாள்.

இடைவேளைக்குப் பின் கொஞ்ச நேரத்திலேயே புதுக் கண்டக்டருக்குத் தசை பிடித்துக்கொண்டது. அந்த ஓட்டம் ஓடினால் குதிரைக்கே பிடித்துக்கொள்ளும். டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேறு ஆள் இருக்கிறார்களா என்று வரிசையைப் பார்த்தார், பிறகு வேண்டாவெறுப்பாக, “நிழற்குடை, போய் நில்லு” என்றார்.

அவர் போய் நின்றார்.

அதன் பிறகு அவள் கண்டதை அவளால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பந்தைப் பார்க்காமல் ஒரு மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், மைதானத்தின் கூச்சல் அடங்கிவிடுகிறது. அவர் நாலடி இந்தப் பக்கம் வருவார். நிற்பார். தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். இரண்டடி பின்வாங்குவார். வேலையற்றுப் பூங்காவில் உலாத்துகிறவரைப் போலத்தான் இருக்கும். ஆனால் அவர் எங்கே வந்து நிற்கிறாரோ, அந்தத் திசையில் ஆட்டம் வராமல் ஒதுங்கிப் போயிற்று. மூட்டத்துக்குள் இருபுறமும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் மட்டும் ஏதோ யாருக்கும் கேட்காத ஒன்றுக்குச் செவிகொடுத்தபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். அடடா, இது என் வீட்டுக்காரர் என்று அவளுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. கூடவே இது நாள்வரை பார்க்காமல் விட்ட ஆட்டங்களை எல்லாம் நினைத்து ஆற்றாமையும் வந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் தபால் ஆபீஸ் அணியில் ஒருவன் இடது பக்கமாகப் பந்தை எடுத்து வந்தான். நடுவில் அவனுடைய ஆள் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பந்தைத் தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. அவள் கணவர் மூன்று எட்டு எடுத்து வைத்தார். நின்றார். பந்து வைத்திருந்தவன் தலையைத் தூக்கினான், தயங்கினான், திரும்பி, பின்னால் இருந்தவனிடம் பந்தைத் தள்ளிவிட்டான்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. படிக்கட்டில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவள் எழுந்து நின்று கை தட்டினாள்.

தனியாகத்தான் தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன ஆச்சு, கோலா என்று ஒருவர் கேட்டார். டைம் கீப்பரே ஒரு முறை முறைத்தார். யார் முறைத்தால் என்ன, அவள் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். மைதானத்தின் நடுவிலிருந்து அவர் நிமிர்ந்து படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

ஆட்டம் என்னவோ தோல்விதான். முதலில் வாங்கிய கோலை டிப்போவால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வழக்கம்போல, கோலுக்குப் பக்கத்தில் போய்த் தவறவிட்டவனைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நிழற்குடையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நடுவுல எதுக்கு எழுந்து கை தட்டின? எல்லாரும் பாத்தாங்க,” என்றார், தலையைத் தூக்காமல்.

“இடது பக்கத்துலருந்து ஒருத்தன் வந்தானே. நடுவுல குடுக்கப் பாத்தான். நீங்க போய் நின்னீங்க. அவன் பின்னாடி குடுத்துட்டான். அதுக்குத்தான்.”

லேஸ் மேல் இருந்த அவருடைய கை அப்படியே நின்றது.

“அதைப் பாத்தியா நீ?”

“பாத்தேங்க.”

அவர் கீழே குனிந்தே இருந்தார். ஈரப் புல் ஒட்டியிருந்த ஷூவை வெறுமனே தடவிக்கொண்டிருந்தார். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானம் காலியாகி, மூட்டம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அப்போதுதான் ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்:

“வேற என்ன பாத்த?”